கேஸ் வாடை அடித்தால்

சமையல் கேஸுக்குச் சொந்தமாக வாடை கிடையாது. சிலிண்டருக்குள் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். இரண்டையும் மூக்கால் கண்டுபிடிக்க முடியாது. ‘கேஸ் வாடை’ என்று நாம் சொல்வது, கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காகவே அதில் கலக்கப்படும் எத்தில் மெர்காப்டன் என்ற வேதிப்பொருளின் நாற்றம். தீப்பிடிக்கும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு கேஸ் காற்றில் கலந்திருக்கும்போதே மனிதருக்குத் தெரிந்துவிட வேண்டும் என்ற கணக்கில் அதைச் சேர்க்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு பெருந்துயரம் இருக்கிறது. 1937 மார்ச் 18 அன்று, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடம் வெடித்துச் சிதறியது. மணமில்லாத எரிவாயு கசிந்து கட்டடத்தின் அடியில் நிறைந்திருந்தது யாருக்கும் தெரியவில்லை. தொழிற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் மரம் தேய்க்கும் மின்கருவியின் சுவிட்சைப் போட்டார். ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பிள்ளைகள். அதன்பிறகு எரிவாயுவில் நாற்றப்பொருள் கலப்பது அந்த மாநிலத்தில் சட்டமானது. இன்று நம் வீட்டுச் சிலிண்டரிலும் அந்த நாற்றம் இருக்கிறது. சுவிட்சைப் போடும் கையை மட்டும் நாம் இன்னும் அடக்கக் கற்றுக்கொள்ளவில்லை.

இந்த அத்தியாயம் முழுக்க அந்தக் கையைப் பற்றியதுதான். கசிவு எல்லா வீட்டிலும் என்றைக்காவது நடக்கும். அது விபத்தாக மாறுவது பெரும்பாலும் கசிவு தெரிந்த பிறகு நாம் செய்கிற ஒரு காரியத்தால்.

மூக்கை எவ்வளவு நம்பலாம்

பாதி நம்பலாம். ஒரே வாடையில் கொஞ்ச நேரம் இருந்தால் மூக்கு பழகிவிடும், பிறகு ஒன்றும் தெரியாது. சமையற்கட்டிலேயே நிற்பவருக்குத் தெரியாத வாடை வெளியிலிருந்து வருகிறவருக்குப் பளிச்சென்று தெரிவது இதனால்தான். கடைக்குப் போய்விட்டு வந்த பிள்ளை “அம்மா, கேஸ் நாத்தம் அடிக்குது” என்றால், “எனக்கு ஒண்ணும் தெரியலையே” என்று தள்ளிவிடாதீர்கள். அந்த நேரத்தில் அந்தப் பிள்ளையின் மூக்குதான் சரியான மூக்கு. சளி பிடித்தவர்கள், வயதானவர்கள், கோவிட் வந்துபோன பிறகு மோப்பம் குறைந்துபோனவர்கள் ஆகியோர் தனியாகச் சமைக்கிற வீட்டில், கேஸ் கசிந்தால் ஒலி எழுப்பும் கருவி ஒன்றை வாங்கி மாட்டுவது நல்ல செலவு. சிலிண்டர் கேஸ் கீழே இறங்கும் என்பதால், அதைத் தரையிலிருந்து ஒரு அடிக்குள் மாட்டவேண்டும். கூரையருகே மாட்டினால் பயனில்லை.

இன்னொரு பழக்கமும் நம்மை ஏமாற்றும். சிலிண்டர் தீரப்போகும் நாட்களில் வாடை கூடுதலாக அடிப்பது உண்மை. நாற்றப்பொருள் கேஸைவிட மெதுவாக ஆவியாவதால் கடைசியில் அது செறிந்து நிற்கும். இதனால் “தீரப்போகுது, அதான் வாடை” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. கடைசி நாட்களின் வாடை அடுப்பைப் பற்றவைக்கும்போது வந்து, உடனே போய்விடும். அடுப்பு அணைந்திருக்கும்போதும் வாடை நின்றால் அது கசிவுதான். சிலிண்டர் புதிதா பழசா என்பதெல்லாம் அப்புறம்.

கேஸ் எங்கே போகிறது

சிலிண்டர் கேஸ் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்ததும் மேலே போகாது, தரையில் கொட்டிய தண்ணீர்போலப் பரவும். சமையல் மேடைக்கு அடியில் தேங்கும், கழிவுநீர்க் குழிக்குள் இறங்கும், வாசல்படி தாண்டிக் கூடத்துக்குப் போகும், கட்டிலுக்கு அடியில் தங்கும். நின்றுகொண்டிருப்பவர் மூக்குக்கு லேசாகத் தெரியும்போது முழங்கால் உயரத்தில் அது பல மடங்கு இருக்கலாம். மேலே இருக்கும் வெண்டிலேட்டரைத் திறந்து வைத்திருக்கிறோம் என்ற நிம்மதி இங்கே உதவாது. கதவுதான் முக்கியம்.

காற்றில் ஏறக்குறைய 2 சதவீதத்திலிருந்து 9 சதவீதம் வரை கேஸ் கலந்தால் பற்றிக்கொள்ளும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தடிக்கு எட்டடி, பத்தடி உயரம் உள்ள சமையற்கட்டு முழுவதையும் அந்த 2 சதவீதத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய ஒரு கிலோ கேஸ் போதும். சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. கேஸ் தரையோடு படுப்பதால், ஒரு கிலோவுக்கும் குறைவாகக் கசிந்தாலே கீழ்ப்பகுதி பற்றும் நிலைக்கு வந்துவிடும்.

நம் ஊர்ச் செய்தித்தாள்களில் திரும்பத் திரும்ப வரும் விபத்து ஒன்று உண்டு. இரவு படுக்கும்போது ரெகுலேட்டரை மூடவில்லை. டியூபிலோ அடுப்புத் திருகிலோ சிறு கசிவு. சமையற்கட்டின் கதவும் ஜன்னலும் சாத்தியிருக்கின்றன. விடிகாலையில் பால் காய்ச்ச எழுந்துபோகிற பெண், தூக்கக் கலக்கத்தில் இருட்டுக்குள் கைநீட்டி லைட்டைப் போடுகிறார். அவ்வளவுதான். இதில் முட்டாள்தனம் ஒன்றும் இல்லை, அந்தக் கை வருஷக்கணக்காகத் தினமும் செய்த வேலையைத்தான் செய்தது. ஆகவே காலையில் சமையற்கட்டுக் கதவைத் திறந்ததும் லைட்டைப் போடாமல் வாசலிலேயே நின்று ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். கூடத்து லைட் வெளிச்சத்தில் அதைச் செய்யலாம். இரவு ரெகுலேட்டரை மூடுவது அதைவிட முக்கியமான பழக்கம்.

முதல் நிமிடங்கள்

வாடை அடித்தது. இப்போது எந்தச் சுவிட்சையும் தொடக்கூடாது. போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. எரிகிற லைட் எரியட்டும், ஓடுகிற ஃபேன் ஓடட்டும். சுவிட்சை அணைக்கும்போதும் அதன் உள்ளே பொறி பறக்கும் என்பது பலருக்குத் தெரியாது. “கேஸ் வெளியே போகட்டும்” என்று எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவதுதான் இருப்பதிலேயே மோசமான யோசனை. கேஸ் நிறைந்த அறையில் ஒரு சுவிட்சையும் ஒரு மோட்டாரையும் சேர்த்துக் கிளப்புகிறோம். பிளக்கைப் பிடுங்குவதும் அதே கணக்கில்தான் வரும். கொசு பேட், கேஸ் லைட்டர் இரண்டும் பொறி உண்டாக்குவதற்கென்றே செய்யப்பட்டவை, கையில் எடுக்காதீர்கள்.

பிறகு நெருப்பு. அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் திருகை மூடுங்கள். சமையற்கட்டு அலமாரியில் சாமி விளக்கு எரிகிற வீடுகள் நம்மிடம் நிறைய. கசிவு லேசாக, அப்போதுதான் தொடங்கியது என்றால் விளக்கையும் ஊதுபத்தியையும் உடனே அணையுங்கள். விளக்கை ஊதி அணைக்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள்கூட இந்த ஒருமுறை சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். வாடை கடுமையாக இருந்து, விளக்கு வேறு எரிகிறது என்றால் உள்ளே போகாதீர்கள். எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள்.

அடுத்தது ரெகுலேட்டர். அதன் திருகை மூடும் பக்கம் திருப்பிவிட்டால் டியூபிலும் அடுப்பிலும் உள்ள கசிவு அங்கேயே நின்றுவிடும். வாசல் கதவு, பின்கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அகலத் திறந்து வையுங்கள். மேடைக்கு அடியில் உள்ள அலமாரிக் கதவுகளையும் திறக்கவேண்டும். மாடுலர் கிச்சன் வீடுகளில் கேஸ் பதுங்குவது அங்கேதான். பனையோலை விசிறியோ துண்டோ இருந்தால், தரையோடு தரையாகக் கதவுப்பக்கம் வீசி விரட்டலாம்.

இதற்கிடையில் வீட்டில் உள்ளவர்கள் எல்லாரும் வெளியே இருக்கவேண்டும். தூங்குகிற குழந்தை, படுக்கையில் இருக்கும் பெரியவர்தான் முதலில். கேஸ் தரையோடு இருப்பதால், பாயில் படுத்திருப்பவர்தான் அதை அதிகம் சுவாசிக்கிறார். அது விஷமல்ல, ஆனால் பிராணவாயுவைத் தள்ளிவிட்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தலைசுற்றலும் மயக்கமும் வரும்.

அவசரம் ஏன் என்று கேட்டால், ஃபிரிட்ஜைக் காட்டுவேன். நாம் எதையும் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாலும் ஃபிரிட்ஜ் தன் பாட்டுக்கு அணைந்து தன் பாட்டுக்குக் கிளம்பும். ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு தொடுப்பு திறந்து மூடும். மின்சாரம் போய் வந்தால் இன்வெர்ட்டரும் அப்படியே. வீட்டில் நம்மைக் கேட்காமல் பொறி உண்டாக்கக்கூடியவை இருக்கின்றன என்பதால், உள்ளே நின்று ஆராய்ச்சி செய்ய நேரம் கிடையாது.

மீட்டர் பெட்டியும் மெயின் சுவிட்சும் வீட்டுக்கு வெளியே, வாடை எட்டாத இடத்தில் இருந்தால் மெயினை அணைக்கலாம். அடுக்ககங்களில் அது பெரும்பாலும் தரைத்தளத்தில் இருக்கும். மெயின் சுவிட்ச் கூடத்துக்குள்ளே என்றால் தொடவேண்டாம். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் வெளி மெயினை அணைத்த மறுநொடி இன்வெர்ட்டர் உள்ளே ‘டக்’ என்று மாறிக்கொள்ளும் என்பதையும் மறக்காதீர்கள். அந்த வீடுகளில் மெயினையும் விட்டுவிட்டு, ஆட்களை நகர்த்துவதே நல்லது.

வெளியே வந்த பிறகுதான் போன். உள்ளே நின்று பேசவேண்டாம். கேஸ் கசிவுக்கு நாடு முழுவதும் 1906 என்ற எண் 24 மணிநேரமும் இயங்குகிறது. இண்டேன், பாரத் கேஸ், எச்.பி. கேஸ் மூன்றுக்கும் அதே எண்தான். ஏஜென்சி பூட்டியிருக்கும் ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் இதில் ஆள் கிடைப்பார். வாசலில் நிற்கும் வண்டியை உதைத்துக் கிளப்பி ஏஜென்சிக்கு ஓடவேண்டாம். போர்ட்டிகோவுக்குள் கேஸ் வந்திருந்தால் அந்த ஒரு பொறி போதும்.

அக்கம்பக்கத்தாரிடம் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: யாரும் நம் வீட்டுக் காலிங் பெல்லை அழுத்தக்கூடாது. உதவி செய்ய ஓடிவருகிறவர் முதலில் செய்வது அதைத்தான். பொத்தான் வெளியே இருந்தாலும் மணி அடிப்பது உள்ளே.

நிற்காத கசிவு

ரெகுலேட்டரை மூடியும் ‘ஸ்ஸ்’ என்ற சத்தம் நிற்கவில்லையென்றால் கசிவு சிலிண்டர் வாயிலேயே இருக்கிறது. வாடை மூச்சுமுட்டும் அளவில் இருந்தால் இந்த வேலையைச் செய்யவேண்டாம், வெளியேறி 1906-ஐயும் தீயணைப்புத் துறையின் 101-ஐயும் (112-லும் சொல்லலாம்) அழையுங்கள். லேசான கசிவு, அறை நன்றாகத் திறந்திருக்கிறது, பக்கத்தில் நெருப்பே இல்லை என்றால் ரெகுலேட்டரைக் கழற்றிவிடலாம். திருகு மூடிய நிலையில் இருக்கவேண்டும். கீழே உள்ள கறுப்பு வளையத்தை மேலே தூக்கிப் பிடித்தபடி ரெகுலேட்டரை நேராக மேலே இழுத்தால் வந்துவிடும். சிலிண்டரின் வால்வு தானாக மூடிக்கொள்ளும் வகை. ரெகுலேட்டர் போனதும் உள்ளிருக்கும் ஊசி எழும்பி வாயை அடைத்துவிடும். அடைக்காமல் ஊசியில் தூசியோ துருவோ மாட்டிக்கொண்டால்தான் சத்தம் தொடரும். அதற்குத்தான் அந்த பிளாஸ்டிக் மூடி. நைலான் கயிற்றில் தொங்கும் அதை வால்வின் மேல் வைத்து ‘டக்’ என்று கேட்கும்வரை அழுத்தினால், அதன் உள்ளே உள்ள அடைப்பு கசிவை நிறுத்தும்.

இந்த மூடியைப் பற்றி எனக்குத் தீராத ஆதங்கம் உண்டு. சிலிண்டர் வந்த அன்றே கயிற்றை அறுத்து மூடியைக் குப்பையில் போடுகிற வீடுகள் எத்தனையோ. குழந்தை விளையாட எடுத்துக்கொள்ளும், ஊறுகாய் பாட்டிலுக்கு மூடியாகிவிடும். தேவைப்படும் நேரத்தில் அது சிலிண்டரோடு கட்டியிருந்தால்தான் பிழைப்பு. கயிற்றை அறுக்கவே அறுக்காதீர்கள்.

மூடி போட்ட சிலிண்டரை இரண்டுபேராகத் தூக்கி, செங்குத்தாக, திறந்தவெளிக்குக் கொண்டுபோகவேண்டும். நிறைந்த சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ. தரையில் இழுப்பதும் உருட்டுவதும் கூடாது. சாய்த்தால் ஆவிக்குப் பதில் திரவமே வெளியே வரும். ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 250 லிட்டர் கேஸாக விரியும், தோலில் பட்டால் குளிரால் சுட்டுவிடும். மாடி வீட்டுக்காரர்கள் லிஃப்டில் ஏற்றவே கூடாது. லிஃப்டுக்குள்ளும் மோட்டாரும் சுவிட்சும்தான், அந்தக் கிணற்றில் இறங்கும் கேஸ் அடித்தளம்வரை போகும். காற்றோட்டமான பால்கனியோ மொட்டைமாடியோ போதும். சாக்கடை, சம்ப், கிணறு, அடித்தள வாகன நிறுத்தம் இவற்றின் பக்கத்தில் வைக்காதீர்கள்.

திரும்பவும் வீட்டுக்குள் போவது எப்போது? வாடை அடங்கிய பிறகு, கொஞ்ச நேரம் வெளியே இருந்த ஒருவர் வந்து முகர்ந்து பார்த்து, குனிந்து தரையருகேயும் பார்த்து ‘இல்லை’ என்று சொன்ன பிறகு. மெக்கானிக் வந்து பார்த்தாலொழிய அடுப்பைப் பற்றவைக்கவேண்டாம். அன்றைக்கு ஒருவேளை ஓட்டலில் சாப்பிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஏற்கெனவே பற்றிக்கொண்டால்

டியூபின் நுனியிலோ ரெகுலேட்டர் இணைப்பிலோ தீ எரிகிறது என்றால், அந்தக் கணத்தில் கேஸ் சேராமல் எரிந்துபோகிறது என்று அர்த்தம். கேஸை நிறுத்த வழியில்லாமல் தீயை மட்டும் அணைத்தால், எரியாத கேஸ் அறையில் நிறைந்து அடுத்த பொறியில் வெடிக்கும். ஆகவே நோக்கம் கேஸை நிறுத்துவது. தீயணைப்பு மீட்புப் பணிகள் துறையினர் பள்ளிகளிலும் குடியிருப்புகளிலும் நடத்தும் செய்முறை விளக்கங்களில் சாக்கையோ கம்பளியையோ தண்ணீரில் நன்றாக நனைத்து, தனக்கும் தீக்கும் நடுவே கேடயமாகப் பிடித்துக்கொண்டு போய்ச் சிலிண்டர் தலையைப் போர்த்தி, ரெகுலேட்டரை மூடுவதைக் காட்டுவார்கள். ஒருமுறையாவது நேரில் பாருங்கள். பார்த்துப் பழகியவர், தீ சிறியதாக, முதுகுக்குப் பின்னால் வாசல் இருக்கும்போது செய்யலாம். நைலான் புடவை, பாலியஸ்டர் நைட்டி அணிந்தவர் செய்யக்கூடாது. தீ சிலிண்டரின் உடம்பைச் சுற்றி எரிகிறது, திரைச்சீலையோ மரச்சாமானோ பற்றிவிட்டது என்றால் யாரும் எதையும் செய்யாமல் ஓடவேண்டியதுதான். சூடேறிய சிலிண்டர் எப்போது பிளக்கும் என்று சொல்லமுடியாது.

உடம்பில் தீக்காயம் பட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ், பற்பசை, மாவு, மசி எதுவும் தடவாதீர்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்கவேண்டாம். சுத்தமான துணியால் லேசாக மூடி 108-ஐ அழையுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு நெடுநாள் அனுபவம் உள்ளது.

கசிவு பிறக்கும் இடங்கள்

முதலிடம் பாலுக்கு. சிம்மில் பாலை வைத்துவிட்டுப் போனைப் பார்க்கப் போகிறோம். பால் பொங்கி வழிந்து தீயை அணைத்துவிடும், திருகு திறந்தபடியே இருக்கும். பருப்பும் கஞ்சியும் இதே வேலையைச் செய்யும். ஜன்னல் காற்றும் சிம் தீயை ஊதி அணைக்கும். இதில் எந்தச் சாமானும் கெடவில்லை, ரெகுலேட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கேஸ் வந்துகொண்டே இருக்கிறது. அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு வேறு அறைக்குப் போவதை நிறுத்துவதைத் தவிர இதற்கு வேறு வைத்தியம் இல்லை. அணைந்துபோன அடுப்பைப் பார்த்ததும் ‘அய்யய்யோ’ என்று லைட்டரை எடுத்துத் திரும்பப் பற்றவைக்கப் பார்க்காதீர்கள். திருகை மூடி, கதவைத் திறந்து, வாடை போகும்வரை காத்திருங்கள்.

அடுத்தது வாஷர். புதுச் சிலிண்டரின் மூடியைக் கழற்றி, வால்வின் வாய்க்குள் வெளிச்சத்தில் பாருங்கள். சுண்டுவிரல் நுழையும் அந்தக் குழிக்குள் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். நடுவே ஊசியின் தலை தெரியும். ரெகுலேட்டர் உள்ளே இறங்கும்போது அதன் மூக்கைச் சுற்றி இறுக்கிப் பிடிப்பது அந்த வளையம்தான். அது இல்லாவிட்டாலோ, ஓரம் கிழிந்திருந்தாலோ, எவ்வளவு புது ரெகுலேட்டரை மாட்டினாலும் சுற்றிலும் கேஸ் வரும். ரெகுலேட்டரை மாட்டியதும் சத்தமும் வாடையும் வந்து, கழற்றியதும் நின்றால் பெரும்பாலும் இதுவே காரணம். காசு பெறாத சிறு வளையம்தான். ஆனால் நீங்களாக ஊக்கு வைத்து நோண்டி மாற்றப் பார்க்காதீர்கள், ஊசியை அழுத்திவிட்டால் கேஸ் பீறிடும்.

இதைச் சரிபார்க்க நல்ல நேரம் சிலிண்டர் வாசலுக்கு வரும் அந்த ஒரு நிமிடம். போடுகிறவர் அவசரத்தில் இருப்பார், நாலு மாடி ஏறி வந்திருப்பார். “அண்ணே, மூடியைக் கழட்டி ஒருதடவை பார்த்துடுங்க” என்றால், “எல்லாம் பார்த்துதாம்மா வருது” என்பார். “பரவாயில்லண்ணே, ஒரு நிமிஷம்” என்று சொல்லிவிட்டு ஒரு சொம்பு மோரோ தண்ணீரோ கொடுங்கள். சோதித்துக் காட்டுவதும் எடை போட்டுக் காட்டுவதும் அவர்கள் வேலையில் சேர்ந்ததுதான், கேட்பதில் கூச்சம் வேண்டாம். வால்வுக் குழிக்குள் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டால் போதும். குமிழி வந்தால் ஊசி கசிகிறது, அந்தச் சிலிண்டரைத் திருப்பிவிடுங்கள். தலைப்பட்டையின் உள்பக்கம் ஆங்கில எழுத்து ஒன்றும் இரண்டு எண்களும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி, சி, டி ஒவ்வொன்றும் அடுத்தடுத்த மூன்று மாதங்கள், எண்கள் ஆண்டின் கடைசி இலக்கங்கள். அடுத்த பரிசோதனை எப்போது என்று காட்டும் குறி அது. தேதி தாண்டிய சிலிண்டரை வாங்கவேண்டாம்.

டியூப்: ஆரஞ்சு நிறத்தில், உள்ளே கம்பி வலை வைத்து வரும் ‘சுரக்ஷா’ குழாய்தான் வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தேதியும் அதன்மேல் அச்சிட்டிருக்கும். ஐந்து வருடத்தில் மாற்றுங்கள், பார்க்க நன்றாக இருந்தாலும் சரி. பச்சைப் பிளாஸ்டிக் குழாயையும் தண்ணீர்க் குழாயையும் மாட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், எலிக்கு அது ஒரு ராத்திரி வேலை. டியூப் அழுக்காகக் கூடாதென்று துணி சுற்றுவதும் உறை போடுவதும் வேண்டாம். வெடிப்பு தெரியாமல் போய்விடும். மேடைக் கல்லில் போட்ட ஓட்டையின் கூர்மையான விளிம்பில் டியூப் உரசுகிறதா என்று குனிந்து பாருங்கள்.

கேஸ் தீரும்போது சிலிண்டரைச் சாய்த்து வைப்பது, குலுக்குவது, வெந்நீரில் நிறுத்துவது எல்லாம் இரண்டு வேளைச் சமையலுக்காக உயிரைப் பணயம் வைப்பது. சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்து நிற்கவேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்கவேண்டும்.

சோப்பு நுரைச் சோதனை

தீக்குச்சி வைத்துக் கசிவு தேடுவது பற்றி ஒரு வரி போதும்: செய்யாதீர்கள். கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் குழைத்து நுரையாக்குங்கள். அடுப்புத் திருகுகள் மூடியிருக்க, ரெகுலேட்டரை மட்டும் திறந்து, பழைய பல்துலக்கும் பிரஷால் நுரையைத் தடவுங்கள். ரெகுலேட்டர் சிலிண்டரில் உட்காரும் இடம், டியூப் ரெகுலேட்டரில் நுழையும் இடம், டியூப் அடுப்பில் சேரும் இடம், டியூபின் முழு நீளம், அடுப்புத் திருகுகளின் அடி. கசியும் இடத்தில் நுரை தானாக உப்பும், ஒன்று வெடித்ததும் அதே இடத்தில் இன்னொன்று எழும். அசையாமல் கிடக்கும் நுரையைப் பார்த்துக் குழம்பவேண்டாம். சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் செய்தால் நல்லது. உப்புகிற இடத்தைக் கண்டால் ரெகுலேட்டரை மூடிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். எம்-சீலும் டேப்பும் ஒட்டிச் சமாளிக்காதீர்கள்.

குழாய் கேஸ் வீடுகள்

சென்னை, கோவை போன்ற ஊர்களில் குழாய்வழி இயற்கை எரிவாயு வரத் தொடங்கியிருக்கிறது. அது மீத்தேன், காற்றைவிட இலேசானது. கசிந்தால் கூரைப் பக்கம் சேரும், மேல் ஜன்னலும் வெண்டிலேட்டரும் திறந்திருப்பது இங்கே பயன்படும். ஒலி எழுப்பும் கருவியை மாட்டுகிறவர்கள் கூரையருகே மாட்டவேண்டும். கழற்றி வெளியே தூக்கிப்போகச் சிலிண்டர் கிடையாது. சமையற்கட்டு வால்வையும், மீட்டர் பக்கத்தில் உள்ள வால்வையும் மூடவேண்டும். கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது, குழாயோடு சேர்ந்து நின்றால் திறந்திருக்கிறது. அவசர எண் மீட்டரிலோ ரசீதிலோ இருக்கும். சுவிட்ச் விஷயத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை.

விபத்துக்குப் பிறகு

எண்ணெய் நிறுவனங்கள் பதிவுபெற்ற வாடிக்கையாளர்களுக்காகக் காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன. நாம் தனியாகப் பிரீமியம் கட்டுவதில்லை. உயிரிழப்பு, சிகிச்சை, பொருட்சேதம் மூன்றுக்கும் அதில் இடம் உண்டு. தெரியாததால் கேட்காமலே விட்டுவிடுகிற குடும்பங்கள் ஏராளம். விபத்து நடந்தால் ஏஜென்சிக்கு உடனே எழுத்தில் தெரிவித்து, காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கை, தீயணைப்புத் துறையின் அறிக்கை, மருத்துவமனை ரசீதுகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். வேறொருவர் பெயரில் உள்ள இணைப்பு, முத்திரையில்லாத டியூப் இவை பின்னால் தொல்லை தரும். வாடகை வீட்டுக்காரர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

வீட்டில் ஒத்திகை

மேலே சொன்னதெல்லாம் புத்தகத்தில் இருந்தால் பிரயோஜனமில்லை. கேஸ் கசியும்போது யாரும் புத்தகத்தைத் தேடமாட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கதவு ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு, வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் ரெகுலேட்டரை மூடி, கழற்றி, மூடி போட்டு, திரும்ப மாட்டிப் பார்க்கட்டும். “அதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்” என்கிற வீட்டில் அவர் வேலைக்குப் போயிருக்கும் பகல் நேரத்தில்தான் கேஸ் கசியும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கழற்றச் சொல்லித்தரவேண்டாம். “வாடை அடிச்சா சுவிட்சைத் தொடாதே, பாட்டியைக் கூட்டிட்டு வெளியே ஓடு” என்ற இரண்டு விஷயம் அவர்கள் மனதில் பதிந்தால் போதும். இருட்டில் சமையற்கட்டுக்குள் போகிறபோது கை தானாக எங்கே போகிறது என்று ஒவ்வொருவரையும் செய்துகாட்டச் சொல்லுங்கள். எல்லார் கையும் சுவிட்சுக்குத்தான் போகும். அதைத் தடுக்க, அந்தச் சுவிட்சுப் பெட்டியின்மேல் சிவப்பு நாடா ஒன்றை ஒட்டிவையுங்கள். இருட்டில் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்கு அதன் சொரசொரப்பு தெரியவேண்டும், துணி நாடா அதற்குச் சரிவரும்.

1906 என்ற எண்ணைச் சமையற்கட்டுக்குள் ஒட்டாதீர்கள், வாசல் கதவின் வெளிப்பக்கம் எழுதுங்கள். வாடிக்கையாளர் எண்ணையும் ஏஜென்சியின் எண்ணையும் பக்கத்திலேயே எழுதி, போனிலும் பதிந்துகொள்ளுங்கள். வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்கும் சமையலுக்கு வருகிறவருக்கும் இதே ஒத்திகையைச் செய்துகாட்டுங்கள். பல வீடுகளில் காலையில் சமையற்கட்டைத் திறக்கும் முதல் கை அவர்களுடையது.